லீவு கேட்கும் காட்சி

போன வாரம் அக்கா ஒரு காரியம் செய்தாள். எட்டு மணி சீரியலுக்குப் பல வருடமாக வசனம் எழுதிக்கொண்டிருப்பவள், அந்தப் பணக்கார வீட்டு வேலைக்காரிக்கு முதல் தடவையாக ஒரு முழுக் காட்சி எழுதினாள். வேலைக்காரி எஜமானியின் முன்னால் வந்து நின்று, தன் மகளைப் பார்க்க இரண்டு நாள் லீவு வேண்டும் என்று கேட்கிறாள். அவ்வளவுதான் காட்சி.

எழுதச் சொல்லி நச்சரித்தது தம்பி. தொலைக்காட்சித் தொடர்களில் வர்க்கமும் கருத்தியலும் என்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவன். வீட்டில் அவனுக்குத் தோழர் என்று பெயர். அக்கா கிண்டலாக வைத்தது, ஒட்டிக்கொண்டுவிட்டது. இஸ்திரிக் கடைக்காரர்கூட "தோழர் சட்டை" என்று தனியாகத்தான் எடுத்து வைப்பார்.

டைரக்டர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதிலிருந்து அக்காவுக்கும் தம்பிக்கும் தலைகால் புரியவில்லை. அப்பா மட்டும் அசரவில்லை. பஸ் டிப்போவில் டிரைவராகவும் சங்கச் செயலாளராகவும் காலம் தள்ளியவர். கேட்டால் கொடுப்பார்களா மாட்டார்களா, அதைச் சொல் என்றார். அதை அக்கா அடுத்த எபிசோடுக்கு வைத்திருந்தாள்.

இன்று அந்தக் காட்சிக்குப் படப்பிடிப்பு. மதியம் தோழருக்குக் கருத்தரங்கு. ஆராய்ச்சியின் முக்கியமான அத்தியாயத்தைக் குழுவின் முன் படித்து ஒப்புதல் வாங்க வேண்டும்.

காலையில் இரண்டு பேரும் ஒரே கண்ணாடியில் தலை வாரிக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. தம்பி மட்டும் வாசலில் நின்று, "ஒரு வார்த்தையும் மாத்த விட்டுடாதே" என்றான்.

"உன் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள்.

*

சீரியலின் மாளிகை, உள்ளபடி ஒரு பழைய சரக்குக் கிடங்கு. நடுவில் சோபா, பெரிய சாப்பாட்டு மேஜை, வளைந்து ஏறும் மாடிப்படி. படி பாதியில் ஒரு பிளைவுட் சுவரில் முட்டி நின்றுவிடும். எஜமானி கோபித்துக்கொண்டு மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்குப் பின்னால் ஓர் ஏணி வழியாகக் கீழே இறங்கி, லைட் பையன்களோடு உட்கார்ந்து டீ குடிப்பார்.

மேக்கப் அறையில் ட்ரே அக்கா தயாராக இருந்தாள். வேலைக்காரியாக நடிப்பவள். சீரியல் தொடங்கிய நாளிலிருந்து கையில் ட்ரேயோடு வந்து போனதால் அந்தப் பெயர். "இதோ வரேம்மா" என்பதற்கு மேல் அவள் பேசியதில்லை. இப்போது ஒரு முழுப் பக்கம். மனப்பாடம் செய்து, மேக்கப்காரரிடம் ஒரு தடவை, கண்ணாடியிடம் ஒரு தடவை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

அக்காவைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவளுடைய சொந்த மகளுக்கு நிறைமாதம். தாய்சேய் ஆஸ்பத்திரியில் நேற்றே சேர்த்தாகிவிட்டது. மருமகன் வெளியூரில். பக்கத்தில் இருக்கக் கூப்பிடுகிறாள் மகள். படப்பிடிப்பு மேனேஜரிடம் ட்ரே அக்கா லீவு கேட்டிருக்கிறாள். அவர் சிரித்தபடியே, லீவு வேண்டுமென்றால் உங்கள் கேரக்டரையே ஊருக்கு அனுப்பிவிடலாம், அப்புறம் நிரந்தர லீவுதான் என்றாராம்.

புகார் சொல்வது போல அவள் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள்.

"அவர்கிட்ட கேட்க முடியாததை இன்னிக்கு கேமரா முன்னாடி கேட்டுக்கறேன். உங்க புண்ணியம்."

காட்சியை எழுதும்போது அக்காவுக்கு இந்த விஷயம் தெரியாது. மேனேஜரிடம் தானே பேசிப் பார்ப்பதாகச் சொன்னாள். வேண்டாம், அவர் இன்னும் முறுக்கிக்கொள்வார் என்று ட்ரே அக்கா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

லைட் வைத்து முடிக்கும் நேரத்தில், தொடரை ஒளிபரப்பும் சேனலின் அதிகாரி, சேனல் மேடம், வந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். லைட் பையனுக்கு அடிபட்டபோது ஆஸ்பத்திரிக்குத் தன் காரை அனுப்பியவர். அக்காவை ஓரமாக அழைத்துப் போய், காட்சி நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார்.

"எஜமானி லீவு தரலைன்னா கெட்டவளாயிடறா. தந்தான்னு வைங்க, அப்ப வேலைக்காரிக்கு வேற ஒரு வீடு இருக்குன்னு ஆயிடுது. நம்ம ஆடியன்ஸைப் பொறுத்தவரைக்கும் அவளுக்கு இந்த வீடுதான் வீடு."

அவருக்கு வேண்டியது இது. எஜமானியே இரக்கப்பட்டு, வேலைக்காரியைக் கூப்பிட்டு, போய் மகளைப் பார்த்துவிட்டு வா என்று சொல்ல வேண்டும். வேலைக்காரி போக மாட்டேன் என்று சொல்லிக் காலில் விழப் போக, எஜமானி தூக்கி அணைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வாதாடினாள். வேலைக்காரி கேட்கட்டும், எஜமானி கொடுக்கட்டும், இரண்டு பேருமே நல்லவர்களாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். கேட்பது ஒரு தப்பா என்றாள். டைரக்டரைப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று போன வாரம் சொன்ன அதே மனிதர் இப்போது செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். சேனல் மேடம் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, மதியத்துக்குள் எடுத்துவிட்டால் நல்லது என்றார்.

வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மொத்த யூனிட்டும் அக்காவின் கையைப் பார்த்தது.

எங்கும் போகாத அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா எழுதினாள். மோசமாக எழுதிவிட்டால் தேவலை என்று தோன்றியது. அவள் கைக்கு அது வராது. முதல் வரி எழுதியதுமே இரண்டாவது வரி தானாக வந்து நின்றது.

ட்ரே அக்கா புதிய தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் இருந்த வசனம் இரண்டு வரியாகியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேமராவின் முன் போய் நின்று, "இந்த வீட்டை விட்டுட்டு நான் எங்கம்மா போவேன்" என்றாள். ஒரே டேக். கண்ணில் வந்தது கிளிசரின் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. யூனிட் மொத்தமும் கை தட்டியது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா மேக்கப் அறைக்குப் போனாள். ட்ரே அக்கா மேக்கப்பை அழித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். கண்ணாடியில்கூட அக்காவைப் பார்க்கவில்லை.

*

கருத்தரங்குக்கு அக்காவை அழைத்தது தம்பியின் வழிகாட்டிப் பேராசிரியை. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட தொடரை எழுதுகிறவரே வந்து உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று போனில் உற்சாகமாகப் பேசியிருந்தார். தம்பியிடம் சொல்ல வேண்டாம், அவன் மிரண்டுபோவான் என்றும் சொல்லியிருந்தார். படப்பிடிப்பிலிருந்து கிளம்பும்போது அக்காவுக்கு நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனாலும் போனாள். தன் கூடப்பிறந்தவன் மேடையில் நின்று பேசி அவள் பார்த்ததில்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த உயரமான பையன் அவளை மறைத்துவிட்டான்.

தம்பி நன்றாகப் பேசினான். அதை அவள் ஒப்புக்கொண்டாக வேண்டும். எட்டு மணி சீரியலில் வருகிற எல்லோரும் தொழிலதிபர்கள், ஆனால் என்ன தொழில் என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது என்றான். சபை சிரித்தது. "கம்பெனிக்குப் போய்ட்டு வரேன்" என்கிறார்கள், அந்தக் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு மனிதனைக்கூட நாம் பார்த்ததில்லை, பணம் அந்த வீட்டுக்கு மழை மாதிரி தானாக வருகிறது என்றான். சண்டை எப்போதும் மாமியாருக்கும் மருமகளுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும்தான். கெட்ட முதலாளி போய் நல்ல முதலாளி வருவார். அந்த நாற்காலி ஏன் அங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆள்கிறவர்களின் வசதிக்கு ஏற்ற எண்ணம் எல்லோருக்கும் இயற்கையான எண்ணமாகத் தோன்றும்படி செய்வதைத்தான் மார்க்சியம் கருத்தியல் என்கிறது என்று விளக்கினான். வேலைக்காரியை "வீட்டில் ஒருத்தி" என்று சொல்வது அதற்கு உதாரணம். வீட்டில் ஒருத்தி என்று ஆகிவிட்ட பிறகு அவள் எதைக் கேட்டாலும் அது நன்றிகெட்டத்தனம்.

அக்கா காலையில் எழுதியதைத்தான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது தெரியாது.

அடுத்துதான் அவன் குரல் உயர்ந்தது. இந்தக் கருத்தியல் சுவரில் விரிசலே விழாதா என்று கேட்டு, விழும் என்று தானே பதில் சொன்னான். இன்று காலை, இதே தொடரில், வேலைக்காரி எஜமானியிடம் லீவு கேட்கும் காட்சி படமாகியிருக்கிறது என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. சின்ன வயதில் அக்கா பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கி வந்த அன்று அதைத் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் காட்டியபோது அவனுக்கு இருந்த அதே முகம்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்திருக்கும்போதுதான் அடுத்த வாக்கியம் காதில் விழுந்தது.

"இவற்றை எழுதுகிற வசனகர்த்தாவும் ஓர் உழைப்பாளியே. ஆனால் தன் பேனா யாருக்காக உழைக்கிறது என்பதை அவர் அறியமாட்டார்."

பேசி முடித்ததும் பேராசிரியை எழுந்து, நமக்கெல்லாம் ஓர் இன்ப அதிர்ச்சி என்று கடைசி வரிசையைக் காட்டினார். எல்லாத் தலையும் திரும்பியது. தம்பியின் கையிலிருந்த தாள்களில் ஒன்று நழுவி விழுந்தது, அவன் குனிந்து எடுக்கவில்லை.

குழுவில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர், நரைத்த தாடி வைத்தவர், அந்த லீவு காட்சி எப்படி வந்திருக்கிறது என்று அக்காவிடம் ஆவலாகக் கேட்டார்.

"எடுத்தாச்சு" என்றாள் அக்கா.

"லீவு கிடைச்சுதா?"

"அவ கேட்கவே இல்ல. எஜமானியே தரேன்னா. அவ வேண்டாம்னுட்டா."

"மாத்திட்டாங்களா?"

"நான்தான் மாத்தி எழுதினேன்."

உட்கார்ந்துவிட்டாள். தம்பியின் அத்தியாயம் சரிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தாடிப் பேராசிரியர் மட்டும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும், விரிசலையே எடுத்து அலங்காரமாக மாட்டிவிட்டார்கள் பாருங்கள் என்றார். இதையும் சேர்த்து எழுதச் சொல்லி அத்தியாயத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். கை தட்டினார்கள். காலையில் கேட்ட அதே கைதட்டல் போலவே அக்காவுக்கு இருந்தது.

கிடைத்த வெற்றியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தம்பி மேடையில் நின்றுகொண்டிருந்தான்.

*

பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா சமையலறைக்குப் போனாள். தம்பி பின்னாலேயே போனான். கூடத்தில் அப்பா டிவியின் முன் உட்கார்ந்திருந்தார். எட்டு மணி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளிகளை எதிர்த்து டிப்போ வாசலில் எத்தனையோ கேட் மீட்டிங் பேசியவர், அந்தத் தொழிலதிபர் குடும்பத்துக்கு ஒரு கஷ்டம் என்றால் மூக்கை உறிஞ்சுவார். தம்பி கேலி செய்தால், அது வேறு இது வேறு என்பார்.

"எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கே" என்றாள் அக்கா.

"அது உன்னைச் சொல்லலைக்கா. பொதுவா சொல்றது. கோட்பாட்டுல அப்படித்தான்…"

"அந்த சீரியலுக்கு வசனம் எழுதறது நான் ஒருத்திதான். பொதுன்னா யாரு?"

அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவினாள்.

"காலைல உக்காந்து எழுதறப்ப, ஒவ்வொரு வார்த்தையும் அந்த அம்மாவை என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். தெரிஞ்சு எழுதறவளுக்கு உன் படிப்புல என்ன பேரு வச்சிருக்காங்க?"

பெயர்கள் இருந்தன. நாலைந்து அவன் நாக்கு நுனியிலேயே இருந்தன. அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு அவற்றில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அந்த எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"தெரிஞ்சும் எழுதினேன்னா, அது இன்னும் மோசமில்லையா?"

"ஆமா" என்றாள் அக்கா.

சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. மேனேஜர். படபடவென்று பேசினார். ட்ரே அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். மகளுக்கு வலி எடுத்துவிட்டதாம், நாளைக்கு வர முடியாது என்று யாரோ தகவல் சொன்னார்களாம். இனி அவள் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. வேலைக்காரி எஜமானியின் நகையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று ஒரு காட்சி வேண்டும், உடனே வேண்டும்.

ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எழுதினால் ஆகாதா என்று அக்கா கேட்டாள். ஆகாது, ஜனங்கள் எப்போது திரும்பி வருவாள் என்று எதிர்பார்ப்பார்கள், திருடி என்றால் தேட மாட்டார்கள் என்றார் மேனேஜர்.

"நான் எழுத மாட்டேன்."

எழுத வேறு ஆள் இல்லாமல் இல்லை, நல்லா யோசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மேனேஜர் வைத்துவிட்டார்.

அக்கா போனைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தாள். அவளுடைய வேலையில்தான் அந்த வீடு நடக்கிறது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"கொஞ்சம் யோசிச்சு சொல்லியிருக்கலாமேக்கா" என்றான் தம்பி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதுக்கே கேட்டது. அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை. அசதியாக இருந்தது அந்தப் பார்வை. அவனுக்கு மதியம் மேடையில் நின்றதைவிட இது கஷ்டமாக இருந்தது.

கூடத்தில் டிவிச் சத்தம் நின்றது. சீரியல் பாதியில் இருக்கும்போது அப்பா அதை அணைத்து அவர்கள் பார்த்ததே இல்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆறுதல் சொல்வார் என்று அக்கா நினைத்தாள்.

"இதுல உன்கூட வேற யாரு நிக்கறா?" என்று கேட்டார்.

"யாருமில்லப்பா."

அப்பா வாயைத் திறந்து ஏதோ சொல்லப் போனார். அதற்குள் மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை எஜமானியாக நடிப்பவர். இத்தனை வருடத்தில் அவர் அக்காவுக்குப் போன் செய்ததே கிடையாது.

பாராட்டத்தான் கூப்பிட்டிருந்தார். நாளைக்கான காட்சி இப்போதுதான் வந்தது, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன் என்றார். பொண்ணு மாதிரி வைத்திருந்தேனே, இப்படித் திருடிவிட்டாளே என்று தான் உடைந்துபோகும் இடம் பிரமாதம் என்றார்.

அக்காவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. எந்தக் காட்சி, யார் எழுதியது என்று கேட்டாள்.

"நீங்கதானே? மேல உங்க பேர்தான் போட்டிருக்கு. எல்லா ஆர்ட்டிஸ்டும் இருக்கற குரூப்ல அனுப்பியிருக்காங்களே."

மேனேஜர் கேட்பதற்கு முன்பே யாரோ எழுதி முடித்திருக்கிறார்கள். அவள் பெயரில். அவள் மாட்டேன் என்றாலும் சரி என்றாலும் ஒன்றுதான். யார் எழுதியிருப்பார்கள் என்று யோசிக்கத் தொடங்கியவள், பாதியில் நிறுத்தினாள். அந்த குரூப்பில் ட்ரே அக்காவும் இருக்கிறாள்.

போனை வைத்துவிட்டு நேரே வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். எங்கே என்று அப்பா கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்கு. அந்தம்மா போனைப் பார்க்கறதுக்கு முன்னாடி நான் போய்ச் சேரணும்."

தம்பி படியிறங்கி அவளுக்கு முன்னால் போய் நின்றான். ஒரு மாதிரித் தயங்கி, தானும் வரலாமா என்று கேட்டான்.

அக்கா ஒரு காலில் செருப்போடு அவனைப் பார்த்தாள்.

"வா. ஆனா இதையும் எழுதிடாதே."